நீலகிரியில் முஸ்லிம் பெண்கள் அரசியலுக்கு வருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் வேட்புமனு எழுதிக்கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்தும் நம் பிள்ளைகள் போன் செய்வார்கள், பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே போட்டிருக்கிறேன், யார் எந்த ஊர் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அக்கா, எனக்கு 22 வயசுதான் ஆகுது. கவுன்சிலருக்கு நிக்க முடியுமா?

தாராளமாக நிற்கலாம். உள்ளாட்சிப் பதவிகளுக்கு 21 வயது நிரம்பியிருந்தால் போதும். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும்தான் 25, மாநிலங்களவைக்கு 30. படிப்புத் தகுதி என்று தமிழ்நாட்டில் எதுவும் வைக்கவில்லை. பத்தாவதோடு நின்றவரும் நிற்கலாம், எம்.ஏ. முடித்தவரும் நிற்கலாம். கல்யாணம் ஆச்சா இல்லையா என்று மனுவை வாங்கும் அதிகாரி பார்ப்பதில்லை, அதைப் பார்ப்பதெல்லாம் ஊர்தான்.

அரசு ஊழியராக இருந்தால் முடியாது. அந்த உள்ளாட்சியோடு ஒப்பந்த வேலை எடுத்திருந்தாலும் சிக்கல் வரும்.

முஸ்லிம்னு தனியா ஒதுக்கீடு இருக்கா? நமக்கு 3.5 சதவீதம் இருக்கே?

அந்த 3.5 சதவீதம் 2007-ல் வந்தது, படிப்புக்கும் அரசு வேலைக்கும் மட்டும். தேர்தலில் அது கிடையாது. உள்ளாட்சியில் இருப்பது பட்டியல் சாதி, பழங்குடி, பெண்கள் என்ற ஒதுக்கீடுகள்தான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்ததை 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பாதியாக்கினார்கள்.

அதனால் உங்கள் வார்டு 'பெண்கள் பொது' என்று அறிவிக்கப்பட்டிருந்தால் எந்த மதத்துப் பெண்ணும் நிற்கலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்த பிள்ளைகளே இதைத் தப்பாக நினைத்திருக்கிறார்கள். வெறும் 'பொது' என்று போட்டிருக்கும் வார்டு ஆண்களுக்கானது இல்லை, அதிலும் பெண்கள் நிற்கலாம். "இந்தத் தடவை நம்ம வார்டு ஜென்ட்ஸ் வார்டு ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம்ம மாவட்டத்துல எங்கெங்க நிக்கலாம்? எதுக்குக் கட்சி வேணும், எதுக்கு வேண்டாம்?

2022 தேர்தலின்போது நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என்று 4 நகராட்சிகள் இருந்தன. ஊட்டியில் 36 வார்டு, குன்னூரில் 30, கூடலூரிலும் நெல்லியாளத்திலும் 21, 21. கோத்தகிரி, ஜெகதளா, கேத்தி, அதிகரட்டி, தேவர்சோலை, ஓவேலி, நடுவட்டம் என்று பேரூராட்சிகள் அப்போது 11. கிராமப் பக்கம் 35 ஊராட்சிகளும் 4 ஒன்றியங்களும் இருக்கின்றன.

நகராட்சி, பேரூராட்சி வார்டுகளில் கட்சிச் சின்னத்திலும் நிற்கலாம், சுயேச்சையாகவும் நிற்கலாம். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தலும் அப்படித்தான். ஆனால் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இந்த இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னமே கிடையாது, எல்லோருமே தேர்தல் ஆணையம் கொடுக்கும் சின்னத்தில்தான் நிற்கிறார்கள். கட்சியில் யாரையும் தெரியாது என்று தயங்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் பதவிகளுக்கு 2022-ல் மக்கள் நேராக ஓட்டுப் போடவில்லை, ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள்.

எவ்வளவு பணம் வேணும்? அத்தாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னே தெரியல.

டெபாசிட் தொகை கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் நகராட்சி வார்டுக்கு 2,000 ரூபாய், பேரூராட்சி வார்டுக்கு 1,000. 2019 ஊரகத் தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200, ஊராட்சித் தலைவருக்கு 600. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால் அந்தப் பணம் திரும்பக் கிடைத்துவிடும்.

அதற்கு மேல் ஆகும் செலவுதான் ஆளுக்கு ஆள் மாறும். நோட்டீஸ், வார்டு வாக்காளர் பட்டியல் நகல், பூத் ஏஜென்ட் சாப்பாடு, மேடு பள்ளத்தில் ஏறி இறங்க ஒரு ஆட்டோ இல்லை ஜீப். ஓட்டுக்குப் பணம் கொடுத்தால்தான் ஜெயிக்க முடியும் என்று சொல்கிறவர்கள் எல்லா வார்டிலும் இருப்பார்கள். கொடுப்பது குற்றம். அது போக, கடன் வாங்கிக் கொடுத்து ஜெயித்தவர் அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பார் என்று அத்தா கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அத்தாவிடம் கேட்கும்போது டெபாசிட் இவ்வளவு, நோட்டீஸ் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். பாதி வீடுகளில் பயமே தொகை தெரியாததால் வருவதுதான்.

கல்யாணம் ஆகி மேட்டுப்பாளையத்துல இருந்து இங்க வந்தேன். ஓட்டு இன்னும் அம்மா வீட்டுலதான் இருக்கு. பரவாயில்லையா?

இது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயமே இல்லை. நல்ல பிள்ளைகள் பலர் நிற்க முடியாமல் போனது இந்த ஒரே காரணத்தால்தான். நகராட்சி வார்டில் நிற்க வேண்டுமென்றால் உங்கள் பெயர் அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், உங்களை முன்மொழிகிறவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்துதான் தயாராகிறது. ஆகவே முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, இதுவரை பெயரே சேர்க்காதவர்கள் படிவம் 6. தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

எழுத்துப் பிழையையும் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஃபாத்திமா, ஆதாரில் பாத்திமா பீவி, வாக்காளர் அட்டையில் பாத்திமாபி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் நம் வீடுகளில் சாதாரணம். ஒரு தடவை ஒரு பிள்ளை மனுப் பரிசீலனைக்கு வந்தது, எல்லாத் தாளையும் பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக அடுக்கி, மேலே ஒரு தாளில் தன் கையெழுத்திலேயே பட்டியல் போட்டு, எந்தப் பெயர் எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்பதுவரை எழுதி வைத்திருந்தது. அதிகாரி கேட்டதும் தாளை எடுத்து நீட்டியது. எதிர்த்தரப்பில் ஆட்சேபணை சொல்ல வந்தவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரி போங்கள். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் என்று உங்கள் பெயரில் பாக்கி இருந்தால் அதையும் முதலிலேயே கட்டி ரசீதை அதே ஃபைலில் வையுங்கள்.

முக்காடு போட்டுக்கிட்டு நிக்கலாமா? கூட்டத்துக்குப் போகலாமா?

போகலாம். வேட்பாளரோ கவுன்சிலரோ தலையை மூடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மனுவில் ஒட்டும் போட்டோவில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுப் போட வரும் பெண் முகத்தை மூடியிருந்தால் பெண் அலுவலர் தனியாகப் பார்த்து அடையாளம் சரிபார்ப்பார்.

2022 பிப்ரவரி 19 அன்று மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து ஓட்டுப் போட வந்த பெண்ணைப் பார்த்து ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட் ஆட்சேபணை சொன்னார். கர்நாடகத்தில் ஹிஜாப் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த நேரம் அது. மற்ற கட்சி ஏஜென்ட்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள், அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு வாக்குப்பதிவு தொடர்ந்தது. நம்மைத் தவிர வேறு யாரும் நமக்காகப் பேச மாட்டார்கள் என்று சொல்கிற பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

மார்க்கத்துல பொம்பள தலைமை கூடாதுன்னு சொல்றாங்களே?

நான் ஆலிமா, அதாவது மார்க்கம் படித்த பெண், இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. பாரசீகத்தில் ஒரு பெண்ணை அரசியாக்கிய செய்தி வந்தபோது சொல்லப்பட்டது. அது எல்லாக் காலத்துக்கும் பொதுவானதா, அந்த நிகழ்வுக்கு மட்டுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொதுவானது என்கிறவர்களிலும் பலர் அதை நாட்டின் தலைமைப் பதவியோடு நிறுத்துகிறார்கள். குர்ஆனில் அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசி தன் பிரமுகர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டு முடிவெடுக்கும் இடத்தையும் எடுத்து ஓதிப் பாருங்கள். உமர் ரலி அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற பெண்மணியிடம் மதீனா சந்தையின் பொறுப்பைக் கொடுத்ததாக ஓர் அறிவிப்பு உண்டு, அதன் பலத்தைப் பற்றியும் விவாதம் உண்டு.

என் கருத்து இதுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை, தடுப்புச் சுவர் சரிந்துவிட்டது, காட்டெருமை நிற்கிற பாதையில் தெருவிளக்கு எரியவில்லை என்று மன்றத்தில் எழுந்து சொல்வதுதான் கவுன்சிலர் வேலை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துப் படிக்கட்டு ஏறுவது கூடும், அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவது கூடாது என்று எனக்குப் படவில்லை.

ஜமாஅத்ல அனுமதி வாங்கணுமா?

சட்டப்படி தேவையே இல்லை. ஆனால் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது, அத்தாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போய், "நிற்கிறேன், துஆ செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். "நிற்கட்டுமா" என்று கேட்டுவிட்டால் அப்புறம் அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், மனுத்தாக்கலுக்கான நாட்கள் அதற்குள் முடிந்துவிடும்.

நம் அமைப்புகளுக்குள்ளேயே பெண்கள் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு கூடலூர், பந்தலூர் பிள்ளைகள் எல்லையைத் தாண்டிப் பார்த்தாலே தெரியும். கேரளத்தில் முஸ்லிம் லீக்கின் மாணவிகள் பிரிவான ஹரிதாவின் நிர்வாகிகள், மாணவர் அமைப்புத் தலைவர்கள் தங்களைக் கேவலமாகப் பேசியதாக மகளிர் ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 2021 செப்டம்பரில் கட்சி ஹரிதா குழுவையே கலைத்தது. அதே வருடம் சட்டமன்றத் தேர்தலில் கோழிக்கோடு தெற்கில் நூர்பினா ரஷீதை நிறுத்தினார்கள், 25 வருடத்துக்குப் பிறகு லீக் நிறுத்திய பெண் வேட்பாளர், தோற்றுவிட்டார். எனக்கு இந்த இரண்டிலும் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே, அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

எங்க குடும்பத்துல யாரும் அரசியல்ல இல்ல. அப்படிப்பட்டவங்க வர முடியுமா?

பெரிய பதவிகளைப் பார்த்தால் குடும்பம் உதவியிருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 2024-ல் உத்தரப் பிரதேசம் கைரானாவில் சமாஜ்வாதி கட்சி சார்பில் ஜெயித்து மக்களவைக்குப் போன இக்ரா ஹசனுக்கு அப்போது 29 வயது. அப்பாவும் அம்மாவும் எம்.பி.யாக இருந்தவர்கள், அண்ணன் எம்.எல்.ஏ. ஆனால் 2022-ல் அண்ணன் சிறையிலிருந்தபோது லண்டனில் படித்த இந்தப் பெண்தான் தொகுதி முழுக்க நடந்து ஓட்டுக் கேட்டு அவரை ஜெயிக்க வைத்தது. கதவு திறந்து கிடைத்தது உண்மை, உள்ளே போய் வேலை செய்ததும் உண்மை. சென்னை மாநகராட்சிக்கு 2022-ல் கவுன்சிலரான பாத்திமா முசாபரும் முஸ்லிம் லீக் தலைவர் அப்துல் சமதின் மகள். பதர் சயீது வழக்கறிஞராகப் பேர் வாங்கி, வக்ஃபு வாரியத் தலைவராக இருந்து, 2006-ல் திருவல்லிக்கேணியில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ. ஆனவர்.

வார்டு அளவில் கதையே வேறு. அங்கே உங்கள் குடும்பம் அரசியல் குடும்பமா என்று யாரும் பார்ப்பதில்லை, மையத்து (சாவு) வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்தார்களா என்று பார்க்கிறார்கள்.

எங்க வார்டுல நம்ம ஆளுங்க நாப்பது வீடுதான். எப்படி ஜெயிக்கிறது?

நாற்பது வீட்டை மட்டும் நம்பினால் ஜெயிக்க முடியாது, சரிதான். மாவட்டத்திலேயே நாம் சுமார் 11 சதவீதம், அதிலும் தமிழ் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள் என்று பிரிந்திருக்கிறோம். படுகர் ஹட்டி (படுகர்களின் ஊர்), எஸ்டேட் லைன், இலங்கையிலிருந்து வந்தவர்களின் காலனி, சர்ச் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் நம் வார்டுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அது இருந்த வார்டில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இது ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் வந்தது, மேல் வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுத ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் பக்கத்து லைன் பெண்கள், "பாப்பா, இங்கே இன்னிக்கு வரல, எழுதிக்கோ" என்று கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். வால்வு திறக்கிறவரே ஒரு நாள் நோட்டை வாங்கிப் பார்த்தார். தேர்தலில் அந்தப் பிள்ளை பள்ளத்துத் தெருவில் வாங்கிய ஓட்டெல்லாம் நம் வீடுகளுக்கு வெளியே வாங்கியதுதான். மிகக் கொஞ்ச ஓட்டில் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் அந்தத் தெருப் பெண்கள் மனு எழுத அதன் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

கட்சியில சேரட்டுமா, சுயேச்சையா நிக்கட்டுமா?

கட்சி என்றால் சின்னம், ஆள் பலம், பூத்தில் உட்கார ஆட்கள். ஆனால் சீட்டு கடைசி நிமிடத்தில் கூட்டணிக்குப் போய்விடும். சுயேச்சை என்றால் முடிவு உங்கள் கையில், வேலை முழுதும் உங்கள் தலையில். குறைந்தது ஒரு வருடமாவது ஒரு கட்சியின் பெண்கள் அணியில் வேலை செய்து பார்க்காமல் கட்சி வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.

சுயேச்சையா ஜெயிச்சு அப்புறம் கட்சியில சேர்ந்தா பதவி போயிடுமா?

எம்.எல்.ஏ., எம்.பி. என்றால் போகும். கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான், தமிழ்நாட்டுக் கவுன்சிலர்களுக்கு அது பொருந்தாது. ஓட்டுப் போட்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஜெயிச்சா எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரர் பாத்துப்பாராம், நான் கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம். சரியா அக்கா?

சரியில்லை. இதில் நான் வளைந்து கொடுக்கவே மாட்டேன். மன்றக் கூட்டத்தில் உங்கள் நாற்காலியில் அவர் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. டெண்டரிலோ பில்லிலோ தப்பு நடந்தால் விசாரணைக்குக் கூப்பிடுவது கையெழுத்துப் போட்டவரைத்தான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது எந்த விசாரணையிலும் பதில் ஆகாது.

அவர் உதவட்டும், நல்லதுதான். ராத்திரி வெளியே போக வேண்டியிருந்தால் கூட வரட்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், பூத் கமிட்டி வேலை செய்யட்டும். ஆனால் வார்டு மக்கள் கூப்பிடும் போன் நம்பர் உங்களுடையதாக இருக்க வேண்டும், அஜெண்டாவை நீங்கள் படிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் பதவியே பறிபோகலாம், பேறுகாலமோ உடம்புக்கு முடியாததோ இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

சம்பளம் உண்டா?

மதிப்பூதியம் உண்டு. 2023 ஜூலை முதல் நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500, நகராட்சித் தலைவருக்கு 15,000. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. தையலோ டியூஷனோ கடையோ கையில் இருக்கும் வருமானத்தை விட்டுவிடாதீர்கள்.

கூடலூர்ல எல்லாரும் செக்‌ஷன் 17 பட்டாதான் கேப்பாங்க. கவுன்சிலரா நான் என்ன பதில் சொல்றது?

வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1969-ல் வந்த கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் வரும் நிலங்கள் அவை. குத்தகை எஸ்டேட் நிலம், வனம், அதில் பல வருடமாகக் குடியிருக்கும் ஏழைகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. பட்டா கொடுப்பது வருவாய்த் துறையும் அரசும், கவுன்சிலருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பாதை, குடிநீர், தெருவிளக்கு போன்றவற்றுக்கு மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், யார் யார் எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு பட்டியல் தயாரித்து ஆட்சியரிடம் கொடுக்கலாம், மனு எந்த மேசையில் நிற்கிறது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற கவுன்சிலரை மக்கள் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் அவரிடமே வருவார்கள்.

என் போட்டோவை எடுத்து அசிங்கமா போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் வீண் பயம் இல்லை. 2021-ல் சுல்லி டீல்ஸ், 2022 ஜனவரியில் புல்லி பாய் என்று பொதுவெளியில் பேசுகிற முஸ்லிம் பெண்களின் படங்களை 'ஏலம்' விடுவதாகப் போட்டார்கள். பத்திரிகையாளர்கள், மாணவிகள், அரசியலில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்கள் புகார் கொடுத்தார்கள், ஆட்கள் கைதானார்கள்.

அப்படி ஏதாவது வந்தால் முதலில் அழிக்கச் சொல்லி ஓடாதீர்கள். தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் சேமித்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். வீட்டில் உடனே சொல்லுங்கள். நிற்பதற்கு முன்பே, "இப்படியும் நடக்கலாம், நடந்தால் அது என் தப்பு இல்லை" என்று அத்தா, அண்ணன், வீட்டுக்காரர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சு நடந்த வீட்டுப் பெண்களை மிரட்டுவது கஷ்டம்.

நான் ஒரு நாள் நீலகிரி எம்.பி. ஆகணும்னு ஆசை. நடக்குமா?

நீலகிரி மக்களவைத் தொகுதி 2009 தேர்தலிலிருந்து பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. 1950-ம் வருட ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்கு மட்டும் என்பதால் முஸ்லிம்கள் அங்கே நிற்க முடியாது. மலையில் நமக்குத் திறந்திருப்பது உதகமண்டலம், குன்னூர் என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகள்தான்.

ஆனால் உள்ளாட்சிக்கு இருக்கும் அந்தந்த ஊர் வாக்காளர் என்ற கட்டுப்பாடு மேலே கிடையாது. தமிழ்நாட்டில் எங்கே ஓட்டு இருந்தாலும் மாநிலத்தின் எந்தப் பொதுச் சட்டமன்றத் தொகுதியிலும் நிற்கலாம், மக்களவைக்கு இந்தியாவின் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். 2023-ல் நிறைவேறிய 106-வது அரசியல் சட்டத் திருத்தம் சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தருகிறது, கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம் பெண்களுக்கு அதில் உள் ஒதுக்கீடு இல்லை. 2024-ல் மக்களவைக்கு ஜெயித்த முஸ்லிம் பெண்கள் இரண்டே பேர், இக்ரா ஹசனும் மேற்கு வங்கம் உலுபேரியாவின் சஜ்தா அகமதும். அதனால் ஆசைப்படுங்கள், நிறைய ஆசைப்படுங்கள்.

தேர்தல் எப்ப வரும்னே தெரியல. அதுவரைக்கும் என்ன செய்யட்டும்?

2019-ல் தேர்வான ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போனது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகராட்சி, பேரூராட்சிகளின் 5 வருடம் 2027 மார்ச்சில் முடிகிறது.

அதுவரை செய்ய நிறைய இருக்கிறது. கிராமத்தில் இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளுக்குப் போங்கள், போய் ஒரு கேள்வியாவது கேட்டு அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். டவுனில் இருந்தால், கிராம சபை மாதிரி வார்டு மக்கள் கூடும் பகுதி சபா எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள், நடக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள். வார்டு வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் விடுபட்ட பெண்களுக்குப் படிவம் எழுதிக் கொடுங்கள். முதலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், மேலே ஓட்டு மாற்றுவது பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், பகலிலேயே கூப்பிடலாம்.